இன்ஷியூரன்ஸ் ஏஜெண்டு ஆகலாமா?

பட்டம் பெற்று உத்தியோகத்துக்குக் காத்திருக்கும் பழைய மாணாக்கர்கள் என்னிடம் வந்து யோசனை கேட்பதுண்டு. "ஸார், இன்ஷியூரன்ஸ் ஏஜெண்டு வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் கிடையாதாம், கமிஷன்தானாம். போகலாமா?" என்பது அவர்களில் பலர் கேட்கும் கேள்வி. வீட்டுப் பெரியோர்களும் சிந்திக்கவேண்டிய விஷயமாதலால் இங்கே எழுதுகிறேன்.

ஏஜெண்டு வருவதைக் கண்டதும் கொல்லைப்புறமாக நழுவிவிடும் குடும்பஸ்தர்கள் நம் ஊர்களில் உண்டு. ஆயினும் தொழில் இழிவானதன்று. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியருடைய உயிருக்கு அதிகப் பிரீமியம் வசூலிக்கும் வழக்கம் இருந்தது. 1870-ல் தோன்றிய பம்பாய் மியூச்சுவல் சங்கம் இந்தியரையும் சாதாரண விகிதத்திலேயே ஏற்றுக்கொண்டது. 1956-ல் சர்க்கார் ஆயுள் இன்ஷியூரன்ஸ் தொழிலைத் தன்வசமாக்கி, எல்.ஐ.ஸி.யை ஸ்தாபித்தது. 2000-க்குப் பின் தனியார் கம்பெனிகளும் மறுபடி வந்தன. இத்தனை மாறுதலிலும் வீடு வீடாக ஏறி இறங்கும் ஏஜெண்டு மறையவில்லை.

ஏஜெண்டின் நாவன்மைக்கு மகாத்மா காந்தியே ஒருமுறை வசப்பட்டிருக்கிறார். 1902-ஐ ஒட்டி அவர் பம்பாயில் வக்கீல் தொழில் நடத்தியபோது, அமெரிக்க ஏஜெண்டு ஒருவர் பேசிய பேச்சில் ரூ. 10,000-க்குப் பாலிஸி எடுத்தார். பிற்பாடு தென்னாப்பிரிக்காவில் மனம் மாறி அதைக் கைவிட்டுவிட்டார். இந்த வரலாற்றைச் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். பேச்சினால் பாலிஸி எடுக்க வைக்கலாம். அது நிலைப்பதற்குப் பேச்சு மட்டும் போதாது. இந்தத் தொழிலின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது.

எப்படியென்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். கமிஷன் விகிதம் பாலிஸிக்குப் பாலிஸி மாறும். உதாரணத்துக்காக, முதல் வருஷம் நூற்றுக்கு 25, பிறகு வருஷந்தோறும் நூற்றுக்கு 5 என்று கொள்வோம். வருஷப் பிரீமியம் ரூ. 20,000 உள்ள பாலிஸி ஒன்றுக்கு முதலில் ரூ. 5,000 கிடைக்கும். மாதம் ரூ. 20,000 சம்பாதிக்க மாதத்துக்கு நாலு பாலிஸி வேண்டும். பத்து வீடு ஏறினால் ஒரு வீட்டில் சம்மதம் கிடைக்கும் என்று வைத்தால் நாற்பது வீடு ஏறவேண்டும். பெட்ரோலும் டெலிபோனும் கைச் செலவு.

ஐந்தாம் வருஷத்தைப் பாருங்கள். முந்திய நாலு வருஷத்துப் பாலிஸிகள் 192. எல்லாம் உயிரோடிருந்தால், அந்த ஒரு வருஷத்தில் பழைய பாலிஸிகளிலிருந்து மட்டும் ரூ. 1,92,000 வரும். பாதி நின்றுபோனால் வரும்படியும் பாதி. பாலிஸி எடுத்தவருக்கோ இன்னும் பெரிய நஷ்டம். ஆரம்ப வருஷங்களிலேயே நிறுத்தினால் சேமிப்புப் பாலிஸிகளில் கட்டிய பணத்தில் பெரும்பகுதி போய்விடக்கூடும். ஆகவே கட்ட இயலாதவர் தலையில் பாலிஸியைக் கட்டுகிறவன் தன் பிற்காலத்துச் சோற்றிலும் மண்ணைப் போட்டுக்கொள்கிறான்.

நிற்க. பழக்கமில்லாத இளைஞன் முதலில் யாரிடம் போவான்? மாமாவிடமும் சித்தப்பாவிடமும்தான். முகத்துக்காக அவர்கள் எடுக்கும் பாலிஸிகள் ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். அதன் பிறகும் அறியாத வீட்டு வாசலில் நிற்கும் மனத்திடம் இருந்தால்தான் தொழில். கமிஷனில் பங்கு தருகிறேனென்று ஆள் பிடிப்பது 1938-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 41-வது பிரிவுக்கு விரோதம். அந்த வழியையும் நினைக்கக்கூடாது.

சேர விரும்புகிறவர்கள் மூன்று விஷயங்களை யோசிக்கட்டும். முதலாவது, ஒரு வருஷம் வருமானம் குறைந்தாலும் வீடு தாங்குமா? கடன் வாங்கித் தொடங்கவேண்டிய நிலையில் உள்ளவர், உள்ள வேலையை விடாமல் மாலை வேளையில் பழகிப் பார்ப்பது நலம். இரண்டாவது, ஏஜெண்டுப் பரீட்சையில் தேறினால் போதாது. பாலிஸியின் ஷரத்துக்களை வரிவரியாகப் படித்துப் பாமரருக்கும் விளங்கச் சொல்ல முடியுமா? மூன்றாவதுதான் கடினம். "பாலிஸி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பிவிடலாம்" என்பதை, கேளாமலே சொல்ல மனம் வருமா?

மூன்றுக்கும் துணிந்து ஆம் என்பவர்கள் தாராளமாகப் போகலாம். குடும்பத்தலைவனை இழந்த வீட்டில், ஈமச் சடங்கு முடிந்த மறுவாரம் காகிதங்களைச் சேகரித்துக்கொண்டு ஆபீஸுக்கு அலையும் ஏஜெண்டை அந்த வீடு மறப்பதில்லை. மூன்றாவது கேள்விக்குத் தயங்குகிறவர்கள் வேறு வேலை தேடிக்கொள்வது அவர்களுக்கும் நல்லது, அவர்களுடைய மாமாக்களுக்கும் நல்லது.