கைப்பைக்கு ஏழு கிலோ: எது விதி, எது உங்கள் உரிமை?

விமான டிக்கெட் எடுக்கும்போது நம் ஊரில் எல்லோரும் கேட்பது, "எத்தனை கிலோ?" என்றுதான். முப்பது, இருபத்தைந்து என்று டிராவல்ஸ்காரர் சொல்லும் பதில் விமானத்தின் வயிற்றுக்குள் போகிற பெட்டிக்கானது. கையோடு எடுத்துப் போகும் பைக்கு எத்தனை கிலோ என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் தகராறு வருவதும், பணம் கைவிட்டுப் போவதும், கண்கலங்க நிற்க வேண்டியிருப்பதும் பெரும்பாலும் அந்தச் சின்னப் பையால்தான்.

இண்டிகோவில் கைப்பைக்கு 7 கிலோ. ஏர் இந்தியா எகானமி வகுப்பில் முன்பு 8 கிலோ வரை விட்டார்கள். 2024 மே 2 முதல் எடுத்த டிக்கெட்டுகளுக்கு அதுவும் 7 கிலோதான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்ரீலங்கன், எமிரேட்ஸ் எகானமியிலும் ஏழுதான். ஏர் ஏசியாவில் கைப்பையும் தோள்பையும் சேர்த்தே 7 கிலோ. ஸ்கூட்டில் இரண்டும் சேர்த்து 10. அளவைப் பொறுத்தவரை, இந்திய நிறுவனங்கள் பையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 115 செ.மீ. என்று வைத்திருக்கின்றன. சக்கரம் வைத்த ட்ரால்லி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். மீதமிருப்பது நாலு கிலோ. ஒரு முறுக்கு டின், இரண்டு கட்டு அப்பளம், சாம்பார் பொடி, ஒரு புடவை வைத்தால் முடிந்தது கணக்கு.

இந்த எண்ணை இயற்பியல் விதி என்று நினைக்க வேண்டாம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் கைப்பைக்கு 23 கிலோ வரை அனுமதிக்கிறது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் பல, அளவைப் பார்க்கின்றனவே தவிர எடையைக் கேட்பதில்லை. மகனைப் பார்க்க அமெரிக்கா போய்விட்டுத் திரும்பும் பெற்றோர் மாட்டிக்கொள்வது இங்கேதான். உள்நாட்டு விமானத்தில் யாரும் தொட்டுப் பார்க்காத பையை, நடுவழியில் மாறும் அடுத்த நிறுவனம் தராசில் ஏற்றும். இரண்டு மூன்று நிறுவனங்களின் விமானங்களில் பயணம் என்றால், அவற்றில் எது கறாரோ அதன் விதிக்குத்தான் பையைக் கட்ட வேண்டும்.

அதே நேரம், கட்டுப்பாடே அநியாயம் என்றும் நான் சொல்லமாட்டேன். தலைக்கு மேலுள்ள பெட்டிக்குத் தாங்கும் எடை என்று ஒன்று உண்டு. கனமான பை அங்கிருந்து சரிந்தால் கீழே இருப்பவர் தலையில்தான் விழும். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேதாவில் தீப்பற்றிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். பைகளை விட்டுவிட்டு இறங்கியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். கைப்பை சிறியதாக இருப்பது நம் எல்லோருக்கும் நல்லதே.

எனக்குள்ள மனத்தாங்கல், அந்த விதியை அமல்படுத்தும் முறையில். ஒரு நாள் கவுன்டரிலேயே தராசில் வைக்கச் சொல்வார்கள். இன்னொரு நாள் கண்டுகொள்ளவே மாட்டார்கள். வலைவழியே செக்-இன் செய்து நேரே உள்ளே போனவரைக் கேட் வாசலில் நிறுத்துவார்கள். விமானத்தில் கூட்டம் அதிகம் என்றால் கறார். காலியாக இருந்தால் தாராளம். திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா போகும் விமானங்களின் வரிசையில் நின்றவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கமானது:

"தம்பி, கவுன்டர்ல ஒண்ணும் சொல்லலையே?"

"அங்க விட்டுட்டாங்கம்மா. இங்க விட முடியாது. ஒண்ணு காசு கட்டுங்க, இல்ல ரெண்டு கிலோ எடுத்துடுங்க."

அந்த அம்மா தரையில் உட்கார்ந்து பையைப் பிரிக்கிறார். பேரனுக்கு என்று செய்த அதிரசமா, மருமகள் கேட்ட கருவாடா, எதை விடுவது? வழியனுப்ப வந்தவர்கள் வெளியிலேயே நின்றுவிட்டார்கள். திருப்பிக் கொடுத்தனுப்ப ஆளில்லை. கவுன்டரில் சொல்லியிருந்தால் பெரிய பெட்டிக்கு மாற்றியிருக்கலாம், முன்கூட்டியே இணையத்தில் கூடுதல் எடை வாங்கியிருந்தால் செலவும் குறைந்திருக்கும். கேட்டில் எந்த வழியும் இல்லை. அந்த நெருக்கடியில் வசூலிக்கும் கட்டணம் சட்டப்படி சரியாக இருக்கலாம். நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இதில் வருமானக் கணக்கும் உண்டு. ஐரோப்பாவின் ரயன் ஏர், அளவு மீறிய பையைப் பிடிக்கும் ஊழியருக்குப் பைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை தருகிறது. 2025 நவம்பரில் அதை ஒன்றரை யூரோவிலிருந்து இரண்டரை யூரோவாக உயர்த்தியது. அதே ஐரோப்பாவில், நியாயமான எடை, அளவுக்குள் இருக்கும் கைப்பை பயணத்தின் தவிர்க்க முடியாத பகுதி, அதற்குத் தனிக் கட்டணம் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014-லேயே சொல்லியிருக்கிறது. நம் நாட்டில் பெரிய பெட்டி இல்லாதவர்களுக்குக் குறைந்த கட்டண டிக்கெட் விற்க 2021 பிப்ரவரியில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம் அனுமதி கொடுத்தது. விலை குறைவு என்று அந்த டிக்கெட்டை எடுப்பவர்களுக்குக் கைப்பை மட்டுமே பை. இரண்டு கிலோ கூடினாலும் மிச்சம் பிடித்த காசு போய்விடும். டிக்கெட்டை வேறொருவர் எடுத்துத் தந்திருந்தால், அது எந்த வகை என்று கட்டாயம் கேளுங்கள்.

இனி உங்கள் பக்கம் இருப்பவை. ஒரு பயணிக்கு ஒரு கைப்பை என்பது இந்தியாவில் பாதுகாப்பு விதி. சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் 2000-ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதே விதியில், அந்த ஒரு பைக்கு மேலாக எடுத்துப்போகக்கூடிய பொருள்களின் பட்டியலும் உண்டு. பெண்களின் கைப்பை, மேல்கோட்டு அல்லது சால்வை, போர்வை, கேமரா, வழியில் படிக்கப் புத்தகம், குழந்தை உடன் வந்தால் அதற்கான பால், உணவு, கூடை, ஊன்றுகோல், மடக்குக் குடை, மடக்கு சக்கர நாற்காலி, பயணத்தில் தேவைப்படும் மருந்து, மடிக்கணினி ஆகியவை அதில் வரும். கைக்குழந்தைக்கான பால் புட்டியையும் பாட்டியின் கைத்தடியையும் "இன்னொரு பை" என்று எண்ணினால், பணிவாக, ஆனால் உறுதியாக இந்தப் பட்டியலைச் சொல்லுங்கள். மடிக்கணினிப் பைக்கு நிறுவனங்கள் தனி எடை வைத்திருக்கின்றன. இண்டிகோவில் அது 3 கிலோ. அதற்குள் சார்ஜர், துணி, டப்பா என்று திணித்தால் சலுகை போய்விடும். இந்தப் பட்டியல் இந்திய விமான நிலையங்களுக்கானது என்பதையும் மறக்க வேண்டாம். கோலாலம்பூரில் இதைச் சொல்லி வாதாட முடியாது.

தராசைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிலோவுக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் இடத்தில் இருக்கும் தராசு, சந்தைத் தராசோ விமான நிலையத் தராசோ, சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-க்கு உட்பட்டது. அதைச் சரிபார்த்து முத்திரையிட்டிருக்க வேண்டும். வீட்டில் ஆறரை காட்டிய பை அங்கே எட்டு காட்டினால், அடுத்த கவுன்டர் தராசில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் இதைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை. தராசு காட்டும் எண்ணைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்வதும் நல்லது. ராணுவத் தளமாகவும் உள்ள விமான நிலையங்களில் மட்டும் படமெடுக்க வேண்டாம், அங்கே தடை உண்டு.

இந்தக் கட்டுரையில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது அடுத்த விஷயம். "இடமில்லை, பையைக் கீழே போட்டுவிடுகிறோம்" என்று ஊழியர் கேட்டில் வாங்கும்போது, நாம் தலையாட்டிவிட்டுக் கொடுத்துவிடுகிறோம். அந்த ஒரு நிமிடத்தில் பையின் சட்ட நிலையே மாறிவிடுகிறது. இந்தியா 2009-ல் ஏற்ற மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சர்வதேசப் பயணத்தில் கைப்பை நம்மிடமே இருக்கும்வரை, அது சேதமானால் நிறுவனத்தின் தவறு என்று காட்டினால்தான் இழப்பீடு. ஒப்படைத்த பைக்கு அப்படி இல்லை. நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தபோது தொலைந்தது, உடைந்தது என்றாலே போதும், தவறு யாருடையது என்ற கேள்வி இல்லை. பையில் முன்பே குறை இருந்தால் மட்டும் விலக்கு. இழப்பீட்டின் உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்., அதாவது சுமார் 2,000 அமெரிக்க டாலர். உள்நாட்டுப் பயணத்துக்கு மத்திய அரசின் பயணியர் சாசனம் சொல்லும் வரம்பு 20,000 ரூபாய்.

அதனால் பையை நீட்டும் முன் டேக் கேளுங்கள். டேக் இல்லாமல் வாங்கினால் கொடுத்ததற்கே சாட்சி இல்லை. நகை, பணம், பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம், சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். 20,000 ரூபாய் வரம்பில் ஐந்து பவுன் சங்கிலிக்கு ஈடு கிடைக்காது. இவற்றைத் தனியே ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு, அதைக் கைப்பையின் மேலாக வைத்துக்கொண்டால் நெருக்கடியில் ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம்.

பவர் பேங்கை அவசியம் எடுக்க வேண்டும். இது உங்கள் வசதிக்காக அல்ல, எல்லோருடைய உயிருக்காகவும். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கேபினில் ஊழியர்கள் பார்த்து அணைக்கலாம். சரக்கு அறையில் எட்டாது. பவர் பேங்கும் உதிரி பேட்டரிகளும் கீழே போகவே கூடாது என்பது உலகம் முழுவதும் உள்ள விதி. 100 வாட்-மணி வரை, அதாவது சாதாரணமாக 27,000 எம்.ஏ.ஹெச். வரை, கையோடு கொண்டுபோகலாம். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசானில் ஏர் பூசான் விமானம் புறப்படும் முன்பே எரிந்தது. தலைக்கு மேலுள்ள பெட்டியில் இருந்த பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. கேட்டில் பையை வாங்கும் ஊழியர் இதைக் கேட்க மறந்தாலும் நீங்கள் மறக்க வேண்டாம்.

கேட்டில் எவ்வளவு கோபம் வந்தாலும் குரலை உயர்த்த வேண்டாம். 2025 ஜூலையில் ஸ்ரீநகரில் கைப்பை எடைத் தகராறு கைகலப்பாகி, நிறுவன ஊழியர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள், பயணி மீது வழக்குப் பதிவானது. வாய்த்தகராறு என்றாலே மூன்று மாதம் வரை பறக்கத் தடை விதிக்க 2017-ஆம் ஆண்டு விதியில் இடமிருக்கிறது. அந்த ஊழியர் விதியை எழுதியவரும் அல்ல. எடை விஷயம் விமான நிறுவனத்தோடு பேச வேண்டியது. வாசலில் நிற்கும் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினரிடம் முறையிட்டுப் பலனில்லை. பணத்தைக் கட்டுங்கள், கிலோவும் விகிதமும் குறித்த ரசீதை வாங்காமல் நகராதீர்கள். ரசீது தர மறுத்தால் நேரத்தையும் கேட் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். போராட்டம் பிறகு காகிதத்தில் நடக்கட்டும்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். ஒப்படைத்த பை சேதமாகியிருந்தால் சர்வதேசப் பயணத்தில் ஏழு நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தாமதமாக வந்தால், கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள். பெல்ட்டிலிருந்து எடுத்தவுடன், வெளியே வரும் முன்பே சொல்லி எழுதி வாங்கிவிடுவது உத்தமம்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பயணிகளுக்குப் பெரிய வசதி ஒன்றைத் தந்திருக்கிறது. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. டிக்கெட், போர்டிங் பாஸ், டேக், ரசீது, தராசுப் படம் இவற்றோடு தமிழிலேயே எழுதி நடந்ததைச் சொல்லத் தொடங்கலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. இங்கே கட்டிய காசைப் பற்றி மறுபடி யோசிக்க சிங்கப்பூரில் நேரம் கிடைக்காதவருக்கும், காகிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தால், அடுத்த விடுப்பில் ஊருக்கு வந்து புகாரைக் கொடுக்க அது போதுமான அவகாசம்.