முள் பொய் சொன்னால்?

கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில், பனி இறங்கும் மார்கழி விடியலில் கிழக்கே பார்த்தால் தொடுவானக் கோடு தெரியாது. கடலும் வானமும் ஒரே வெளிறிய சாம்பல் நிறம். கரையில் நிற்பவருக்கு அதனால் ஒன்றும் குறைவில்லை, காலடியில் மணல் இருக்கிறது. அந்தக் கடலுக்கு மேலே சிறிய விமானத்தில் தனியாகப் பறப்பவருக்கோ மேல் எது, கீழ் எது என்று சொல்ல எதிரே இருக்கும் கருவிப்பலகையை விட்டால் வேறு துணை கிடையாது.

நம் உட்காதின் அரைவட்டக் குழாய்கள் திடீர்த் திருப்பத்தை உணர்த்தும். மெல்ல மெல்லச் சாய்வதை உணர்த்தா. 1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி பெறாத 20 பேரிடம் வெளியுலகை மறைத்துச் சோதித்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 விநாடி.

அந்தக் கருவிப்பலகையைத் தாங்களே அமைக்க வேண்டியவர்கள், சொந்தமாக விமானம் கட்டுபவர்கள். அந்த ஆசை சென்னைக்குப் புதிதல்ல. இங்கே ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ், சிம்சன் நிறுவனத்தாரைக் கொண்டு ஒரு விமானம் செய்வித்து, 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். நம் காலத்தில் மும்பை விமானி அமோல் யாதவ் அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடியில் கட்டிய விமானம் 2017இல் முறைப்படி பதிவானது. இப்படிக் கட்டுபவர்களுக்கு இறக்கையும் என்ஜினும்தான் முதல் காதல். கருவிப்பலகை கடைசியில், மிச்சமிருக்கும் பணத்தில், கிடைத்த இடத்தில் முடிந்துவிடுகிறது. அது தவறு என்பேன்.

எந்தக் கருவி எங்கே இருக்க வேண்டும் என்பதற்குப் பல பத்தாண்டு அனுபவம் விடை தந்திருக்கிறது. விமானம் எப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லும் சாய்வுகாட்டி நடு உச்சியில், கண்ணுக்கு நேரே. இடப்பக்கம் வேகமானி, வலப்பக்கம் உயரமானி, கீழே திசைகாட்டி. ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவம். கண் ஒவ்வொரு முறையும் நடுவிலிருந்து கிளம்பி நடுவுக்கே திரும்பும். அழகுக்காக இந்த வரிசையைக் கலைத்தால், கலங்கிய நேரத்தில் தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

அதைவிட முக்கியமானது, கருவிகள் வெவ்வேறு மூலங்களை நம்பி இயங்குவது. வேகமானிக்கும் உயரமானிக்கும் ஆதாரம் காற்றழுத்தம். பழைய சிறு விமானங்களில் சாய்வுகாட்டியின் கைரோஸ்கோப்பை என்ஜினோடு இணைந்த பம்பு சுழற்றும். திரும்பல்காட்டி மின்சாரத்தில் ஓடும். ஒன்று செத்தாலும் மற்றது சாட்சி சொல்லும். சாய்வுகாட்டி வலப்பக்கம் சாய்வதாகச் சொல்லும்போது திசைகாட்டி அசையாமல் நின்றால், இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது.

1978 ஜனவரி 1 இரவு பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் ‘எம்பரர் அசோகா’வில் நடந்தது இதுதான். வலப்பக்கம் திரும்பிய விமானம் நேரான பிறகும், தலைமை விமானியின் சாய்வுகாட்டி வலச்சாய்வையே காட்டிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்வதாக நினைத்து அவர் இடப்பக்கம் சாய்த்துக்கொண்டே போனார். கீழே இருட்டுக் கடல், தொடுவானம் இல்லை. துணை விமானியின் முன்னால் இருந்த கருவி சரியாகவே இருந்ததாகக் கருதப்படுகிறது. பாந்த்ரா கடலில் 213 பேரும் மாண்டார்கள்.

காற்றழுத்தக் கருவிகளுக்கும் எதிரிகள் உண்டு. 1996 பிப்ரவரியில் டொமினிகன் குடியரசில் 189 பேரைப் பலிகொண்ட பிர்கன்ஏர் விமான விபத்தில், வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயைக் குளவிக்கூடு அடைத்திருக்கலாம் என்றது விசாரணை. ஜன்னல் கம்பி ஓட்டையில்கூடக் குளவி மண்ணை அப்பும் நம் ஊரில், நிறுத்திய விமானத்தின் அந்தக் குழாய்க்கு உறை போடாமல் இருக்கவே கூடாது. எண்ணூர் போன்ற உப்புக்காற்றுக் கரையில் மின் இணைப்பு முனைகளையும் விடாமல் பார்க்க வேண்டும்.

உயரமானி அளப்பது அழுத்தத்தை, உயரத்தை அல்ல. கடல் மட்டத்தருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் சுமார் 27 அடி. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் நெருங்கி அழுத்தம் 1013இலிருந்து 1000க்கு இறங்கியிருக்க, குமிழைத் திருப்பித் திருத்தாமல் பறந்தால், இருப்பதைவிட 350 அடி மேலே இருப்பதாக அது காட்டும். அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் நிற்கும் கரையில் 350 அடி சிறிய பிழையல்ல. எனவே அழுத்தத்தைத் திருத்தும் குமிழ், வாரை இறுக்கி உட்கார்ந்த நிலையிலும் கைக்கு எட்ட வேண்டும்.

இப்போது வட்ட முட்களின் இடத்தைத் திரைகள் பிடித்துவிட்டன. 2021 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்த நம் தேசிய விண்வெளி ஆய்வகத்தின் ஹன்சா-என்ஜி விமானத்திலும் திரைகள்தான். நல்ல மாற்றம். ஆனால் இரண்டு திரைகளையும் ஒரே மின்மூலத்தில் மாட்டிவிட்டு, இரண்டு இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. தனி பேட்டரியில் ஓடும் மூன்றாவது ஒன்று கட்டாயம் வேண்டும்.

விமானம் கட்டக் கனவு காணும் பொறியியல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அலுமினியத் தகட்டைத் தொடுவதற்கு முன் கெட்டி அட்டையில் பலகையை வெட்டுங்கள். கருவிகளின் படங்களை நிஜ அளவில் அச்சிட்டு ஒட்டுங்கள். இருக்கை உயரத்தில் உட்கார்ந்து, வாரைக் கட்டிக்கொண்டு, உச்சிவெயிலிலும் இரவிலும் பாருங்கள். பிறகு நண்பரை விட்டு ஏதேனும் ஒரு கருவியைக் காகிதத்தால் மூடச் சொல்லுங்கள். அதற்குப் பதில் எதைப் பார்ப்பது என்று உடனே சொல்ல முடியவில்லை என்றால், தகட்டில் துளை போடாதீர்கள்.