பொதுச்சொல்லும் பெண்பாலும்: கார்னீலியா சொராப்ஜி வரலாறு

‘வழக்கு’ என்னும் சொல் தமிழில் இருபொருள் பயக்கும். உலகோர் சொல்லைக் கையாளும் மரபும் வழக்கு. மன்றத்தின்முன் வைக்கப்படும் முறையீடும் வழக்கு. ‘மக்கள்’ போலும் பொதுச்சொற்கள் பெயராலும் தொழிலாலும் ஒருபாற்கே உரியவாய்ப் பிரிந்து வருதல் வழக்கின்வழிப்பட்டது என்பது கிளவியாக்கத்துள் தொல்காப்பியர் காட்டும் நெறி. அத்தகைய சொல்வழக்கொன்று நீதிமன்ற வழக்காகவும் ஆயிற்று. இந்தியப் பெண் வழக்கறிஞருள் முன்னோடியாகிய கார்னீலியா சொராப்ஜியின் வாழ்வைக்கொண்டு அதனை ஈண்டு ஆராய்வோம்.

கார்னீலியா 1866இல் நாசிக்கில் பிறந்தார். தந்தையார் சொராப்ஜி கர்செட்ஜி, பார்சி சமயத்தினின்று கிறித்தவம் தழுவியவர். மூத்த பெண்மக்களைப் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற் சேர்க்க முயன்றும் இசைவு பெறாதவர். தாயார் பிரான்சினா புனேயில் பள்ளிகள் நிறுவினார். தங்கையருள் சூசி கல்விப்பணியிலும், ஆலிஸ் மருத்துவப்பணியிலும் சிறந்தனர். கல்வியே இக்குடியின் தலையாய உடைமை எனலாம்.

தமக்கையர்க்குக் கிட்டாதது கார்னீலியாவுக்குக் கிட்டியது. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதற் பெண் பட்டதாரியாகிய அவர், 1889இல் ஆக்ஸ்போர்டு சாமர்வில் கல்லூரி சேர்ந்து, 1892இல் சட்டத்தேர்வில் தேறினார். அங்கு 1920 வரை பெண்கட்குப் பட்டமளிக்கும் முறை இன்மையின், தேர்ந்து முப்பது ஆண்டு கழித்து 1922இல்தான் பட்டம் பெற்றார். தாயகத்திலும் சட்டத்தேர்வுகளில் தேறினார்; ஆயினும் வழக்கறிஞராகப் பதிவு பெற்றாரிலர். 1904 முதல், வங்க அரசின் ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ துறையில், ஆடவர்முன் தோன்றா மரபினராகிய கோஷா மகளிர்க்குச் சட்டத்துணையாயினார். தம் சொத்துரிமையைத் தாமே எடுத்துரைக்க இயலாத அம்மகளிர்க்கும் சிறார்க்கும் அவர் ஆற்றிய பணி பெரிது.

தடையாக நின்றது எது? 1879ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் ‘பெர்சன்’ என்னும் பொதுச்சொல்லையே ஆண்டது. ஆயினும் 1916இல் ரெஜினா குகா என்பார் விண்ணப்பித்தபோது, அச்சொல் ஈண்டுப் பெண்ணை உளப்படுத்தாது எனக் கல்கத்தா உயர்நீதிமன்றம் தீர்த்தது. 1921இல் சுதான்சுபாலா ஹஸ்ரா என்பார்க்குப் பாட்னா உயர்நீதிமன்றமும் அவ்வாறே மறுத்தது. அதே ஆண்டில் அலகாபாத் உயர்நீதிமன்றம் கார்னீலியாவைப் பதிவுசெய்தது. ஒரே சொல், ஓரிடத்துப் பெண்ணை விலக்கிற்று, மற்றோரிடத்து ஏற்றது. இம்மயக்கத்தை 1923ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிற்று. 1929இல் ஆனந்தாபாய் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதற் பெண் வழக்கறிஞரானார்.

கல்கத்தாவிலும் பாட்னாவிலும் தோன்றிய தீர்ப்புகள், தொழில்பற்றிப் பொதுச்சொல்லை ஒருபாற்படுத்தியவையே. ‘ஆயிரவர் மக்கள்’ போர்மேற் சென்றார் எனின் ஆடவரே எனக் கொள்வதனை அவை ஒக்கும். ஆயின் அப்பிரிவு வழக்கினால் வந்ததேயன்றிச் சொல்லின் இயல்பினால் வந்ததன்று. தொழில் செய்வார் மாறின் வழக்கும் மாறும். வழக்கு மாறின் சொல் தன் பொதுமையை மீளப் பெறும். முன்பு ஆடவரை மட்டும் நினைவூட்டிய ‘வழக்கறிஞர்’ என்னும் சொல் இன்று இருபாலார்க்கும் ஒப்ப வழங்குதல் இதற்குச் சான்று. சொற்பொருள் ஆராய்வார், சொல்லளவில் நில்லாது, அதனை ஒருபாற்கு ஒதுக்கிய தொழில்நிலையினையும் உடன் ஆராய்தல் வேண்டும் என்பது எம் கருத்து.