வாட்ஸ்அப்பில் தெரியும் வாய்க்கால்... கடைமடைக்கு வருமா?

காலை 7 மணி. சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு வந்த விவசாயி செல்போனைத் திறக்கிறார். ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஊராட்சித் தலைவர் ஒரு படம் போட்டிருக்கிறார். பாசன வாய்க்காலில் ஜே.சி.பி. நிற்கிறது. ‘தூர் வாரும் பணி சிறப்பாக நடைபெறுகிறது’ என்று ஒரு வரி. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள், ‘நன்றி தலைவரே’. நடுவில் ஒருவர், ‘எங்க கடைமடைப் பக்கம் கோரை மண்டிக் கிடக்கு. மழைக்கு முன்னாடி வேலை வருமாங்க?’ என்று கேட்கிறார். ‘நல்லது செஞ்சாலும் குறைதானாண்ணே?’ என்று ஒரு பதில். பொழுது சாய்வதற்குள் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் அந்தக் கேள்வி புதைந்துபோகிறது.

பல ஊர்களில் இன்று இதுதான் நிலைமை. செல்போனைக் குறைசொல்லிப் பயனில்லை. கோமாரித் தடுப்பூசி முகாம், பயிர்க் காப்பீட்டுக் கடைசித் தேதி, குடிநீர் வராத நாள் எல்லாம் நொடியில் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. ஆனால், செய்தி சொல்வது வேறு, கணக்குச் சொல்வது வேறு.

முதலில் சபை, பிறகு செல்ஃபி

ஹரியானா மாநிலம், ஜிந்த் மாவட்டத்தில் உள்ள பீபிப்பூர் இதற்கு நல்ல பாடம். அந்த ஊர்த் தலைவராக இருந்த சுனில் ஜக்லான், 2015 ஜூன் மாதம் ‘மகளுடன் செல்ஃபி’ போட்டியை அறிவித்தார். படங்கள் வாட்ஸ்அப்பில் நூற்றுக்கணக்கில் குவிந்தன. அதே மாதம் பிரதமரும் வானொலி உரையில் பாராட்டினார். ‘செல்ஃபி எடுத்தால் பெண் சிசுக்கொலை நின்றுவிடுமா?’ என்ற விமர்சனமும் எழுந்தது. கேள்வி நியாயமானதே. 2011 கணக்கெடுப்பில் ஹரியானாவில் 6 வயது வரையுள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்கு 834 பெண் குழந்தைகளே இருந்தனர். ஆனால், அந்த ஊர் செல்ஃபியில் தொடங்கவில்லை. 2012-லேயே பெண் கருக்கொலைக்கு எதிராகப் பெண்களும் கலந்துகொண்ட மகா பஞ்சாயத்து அங்கே கூடியது. படம் வந்தது அதற்குப் பிறகுதான்.

குழு வேறு, கிராம சபை வேறு

ஒரு வாட்ஸ்அப் குழுவில் அதிகபட்சம் 1,024 பேர்தான் சேர முடியும். தனிச் செல்போன் இல்லாத பெண்களும் முதியவர்களும் அதில் இல்லை. கிராம சபையிலோ ஊர் வாக்காளர் அனைவரும் உறுப்பினர். குழுவை நடத்துபவர் யாரையும் நீக்கலாம். கிராம சபையிலிருந்து யாராலும் நீக்க முடியாது. 2019-ல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. தலைவரின் சொந்த செல்போனில் இருந்த குழு அவரோடு போய்விடும். தீர்மானப் புத்தகம் ஊராட்சி அலுவலகத்திலேயே இருக்கும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 நாள்கள் கிராம சபை கூடுகிறது. மேலே கண்ட கடைமடைக்காரர் தம் பக்கத்து விவசாயிகள் பத்துப் பேருடன் அங்கே போய் அதே கேள்வியைக் கேட்டால், அது வாழ்த்துகளுக்கு அடியில் புதையாது.

விவசாயிகள் கவனத்துக்கு

* பணியின் படம் வந்தால் பாராட்டுங்கள். கூடவே, எந்தத் திட்டம், எவ்வளவு தொகை, எங்கிருந்து எதுவரை என்று மரியாதையாகக் கேளுங்கள்.

* ‘தண்ணீர் வரவில்லை’ என்று மொட்டையாக எழுதாமல் தெரு, வாய்க்கால், எந்தத் தேதியிலிருந்து என்பதைக் குறிப்பிடுங்கள். இன்றைய நிலையைப் படம் எடுத்துப் போடுங்கள்.

* பதில் இல்லையென்றால் எழுத்து மூலம் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.

* கிராம சபையில் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசிக்கக் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

* செலவு விவரம் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.

* ஆதார், வங்கிப் புத்தகப் படங்களைக் குழுவில் போடாதீர்கள்.

வாய்க்கால் தலைமடையில் தூர் வாரிய படம் எல்லோர் கைக்கும் வந்துவிடும். தண்ணீர் கடைமடை வரை வர, தீர்மானப் புத்தகத்தில் நான்கு வரி ஏற வேண்டும்.