கிடர்பூர் வக்கீல்

கல்கத்தாவில் கிடர்பூர் என்று ஒரு பகுதி உண்டு. கப்பல் துறை இருக்கிற இடம். 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் தேதி அங்கே உமேஷ் சந்திர பானர்ஜி பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் ஹௌராவுக்கு மேற்கே இருக்கும் பாகண்டா கிராமம். அப்பா கோர்ட்டில் அட்டர்னி. வழக்குக்கு வேண்டிய காகிதங்களைத் தயார் செய்கிறவர் அட்டர்னி. நீதிபதி முன்னால் நின்று வாதாடுகிறவர் பாரிஸ்டர். பாரிஸ்டர் ஆக வேண்டுமானால் அப்போது லண்டனுக்குத்தான் போக வேண்டும்.

உமேஷ் 1862-இல் ஓர் அட்டர்னி அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். காகிதம் எழுதி எழுதியே சட்டம் பழகினார். 1864-இல் பம்பாய்ச் செல்வர் ஒருவர் கொடுத்த உதவித்தொகை கிடைத்தது. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று பயந்த காலம் அது. ஆனாலும் உமேஷ் கப்பல் ஏறினார். பாரிஸ்டராகி 1868-இல் கல்கத்தா திரும்பினார். பிற்பாடு, அரசாங்கத்துக்காக வாதாடும் 'ஸ்டாண்டிங் கவுன்சல்' என்ற பதவியிலும் இருந்தார். அந்த வேலையைப் பார்த்த முதல் இந்தியர் அவர்தான்.

அரசாங்க வேலை பார்த்தவர் என்பதால் அரசாங்கத்துக்குப் பயந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். 1883-இல் சுரேந்திரநாத் பானர்ஜி என்ற பத்திரிகைக்காரர் மேல் வழக்கு வந்தது. (பெயர் ஒன்றாக இருந்தாலும் இவர் வேறு ஆள்.) ஒரு வெள்ளைக்கார நீதிபதி, வழக்குக்காக சாளக்கிராமத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். அதைக் கண்டித்து எழுதியதுதான் குற்றம். சுரேந்திரநாத்துக்காக வாதாடியவர் உமேஷ். ஆனாலும் இரண்டு மாத ஜெயில் தண்டனை கிடைத்தது. ஊரே கொதித்தது.

கோர்ட்டில் வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தால் என்ன? இருக்கிற சட்டத்தை வைத்துத்தானே வாதாட முடியும்! அந்தச் சட்டத்தைச் செய்கிற சபையில் மக்கள் அனுப்பிய ஆள் ஒருவர்கூட இல்லை. அரசாங்கம் நியமித்தவர்கள்தான் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

1885 டிசம்பரில் பம்பாயில் காங்கிரசின் முதல் மாநாடு நடந்தது. வந்தவர்கள் 72 பேர். அவர்களில் பலர் வக்கீல்கள். தலைவர் உமேஷ். முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் நம் தஞ்சாவூர் ஜில்லா திருவையாற்றில் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர். சட்டசபையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் இருக்க வேண்டும் என்று அந்த மாநாடு கேட்டது.

ஏழு வருடம் கழித்து, 1892-இல் ஒரு சட்டம் வந்தது. நகரசபை, பல்கலைக்கழகம் போன்றவை ஆளைச் சிபாரிசு செய்யலாம், அரசாங்கம் நியமிக்கும். அப்படித்தான் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் சார்பில் உமேஷ் வங்காளச் சட்டசபைக்குப் போனார். சபையில் கேள்வி கேட்கலாம். வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசலாம். ஆனால் அதன்மேல் ஓட்டுப் போட முடியாது. பேசிவிட்டு உட்கார வேண்டியதுதான்.

அதே 1892-இல் தாதாபாய் நௌரோஜி லண்டனில் தேர்தலில் நின்றார். வெள்ளைக்காரர் ஓட்டிலேயே ஜெயித்து பிரிட்டிஷ் பார்லிமென்ட் உறுப்பினரானார். இங்கே கிராமத்து உழவருக்கோ, கப்பல் துறைக் கூலிக்காரருக்கோ ஓட்டு என்ற பேச்சே இல்லை. வயது வந்த எல்லா ஆணும் பெண்ணும் ஓட்டுப் போட்ட முதல் பொதுத் தேர்தல் 1951–52-இல்தான் நடந்தது.

உமேஷ் அதைப் பார்க்கவில்லை. 1902-இல் இங்கிலாந்து போய், இந்திய வழக்குகளின் கடைசி அப்பீலை விசாரிக்கும் பிரிவி கவுன்சிலில் வாதாடினார். 1906 ஜூலை 21-இல் லண்டனை அடுத்த கிராய்டனில் காலமானார். அங்கே அவருடைய வீட்டுக்கு அவர் வைத்திருந்த பெயர், கிடர்பூர்.