போன் வரவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று யார் சொன்னது?

"கர்ப்பப்பையிலிருந்து சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்கக்கா. ரிசல்ட் வந்தா போன் பண்றோம்னு சொன்னாங்க. ரெண்டு மாசமாச்சு, பண்ணலை. அப்ப ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்?"

இப்படிக் கேட்கும் பெண்களைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். படித்தவர், படிக்காதவர் என்ற பேதமெல்லாம் இதில் கிடையாது. வங்கியில் வேலை பார்ப்பவரும் கேட்கிறார், பூக்கட்டி விற்பவரும் கேட்கிறார்.

அர்த்தம் அதுவல்ல. போன் வரவில்லை என்றால் போன் வரவில்லை, அவ்வளவுதான். ரிப்போர்ட் தயாராகி லேப் கவுன்டரில் கட்டோடு கட்டாகக் கிடக்கலாம். படிவத்தில் எழுதிய நம்பர் கணவர் எப்போதோ தூக்கிப்போட்ட சிம் கார்டாக இருக்கலாம். 'மாதிரி போதவில்லை, மறுபடி எடுக்கவும்' என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். சதை வைத்த பாட்டில் லேபுக்குப் போய்ச் சேராமலேகூட இருக்கலாம். இதில் எது நடந்திருந்தாலும் வீட்டில் இருக்கும் உங்களுக்குத் தெரிவது ஒன்றுதான்: போன் வரவில்லை.

காத்திருக்கும் நாட்களில் தூக்கம் வராது, சோறு இறங்காது, அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடக் கண்ணில் படாது. அதற்கு மருந்தாக எல்லோரும் சொல்வது 'கவலைப்படாதே' என்ற ஒற்றைச் சொல். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எந்த நம்பருக்கு, எந்தத் தேதியில், யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு தாள் கையில் இருந்தால் பயத்தில் பாதி அன்றே இறங்கிவிடுகிறது. அந்தத் தாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மாதிரி எடுத்த அன்றே, அந்த இடத்தை விட்டு நகர்வதற்குள், ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் சிலவற்றை எழுதி வாங்குங்கள். என்ன சோதனை என்று முழுப் பெயர். 'டெஸ்ட்' என்று மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள். பாப் ஸ்மியரா, கர்ப்பப்பை வாய் பயாப்சியா, கர்ப்பப்பை உள்சவ்வு பயாப்சியா என்று இருக்க வேண்டும். எந்த லேபுக்குப் போகிறது, ரிப்போர்ட்டை எந்தத் தேதிக்குப் பிறகு, எந்தக் கவுன்டரில் வாங்குவது, வாங்கியபின் எந்த டாக்டரிடம் காட்டுவது என்பதும் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் லேப் நம்பர். பெத்தாலஜி துறைக்கு வரும் ஒவ்வொரு பயாப்சிக்கும் பதிவேட்டில் ஒரு எண் போடுவார்கள். செல்வி என்ற பெயரில் அந்த வாரம் பத்துப் பேர் இருக்கலாம். அந்த எண்ணில் நீங்கள் ஒருவர்தான். அன்றைக்கே எண் போடவில்லை என்றால் மறுநாள் போய்க் கேட்டு வாங்குங்கள். 'அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா' என்பார்கள். எதற்கு என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், வாங்காமல் நகர வேண்டாம்.

போன் நம்பர் உங்களுடையதாகவே இருக்கட்டும். இதை மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் கேட்பதில்லை. கணவர் நம்பரையோ மகன் நம்பரையோ கொடுத்தால், ரிசல்ட்டை முதலில் கேட்பவர் அவராகிறார். உங்களுக்கு எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்பவரும் அவராகிறார். 'அம்மா பயந்துடுவாங்க' என்று மூன்று மாதம் மறைத்து வைத்த பிள்ளைகள் உண்டு. உடம்பு உங்களுடையது. நோயாளியின் ரகசியத்தைக் காப்பது மருத்துவரின் கடமை, குடும்பத்தாருக்கு முன்பும் அப்படித்தான்.

அடுத்தது பாட்டில். சிறிய நர்சிங் ஹோம்களில் சதை எடுத்துப் பாட்டிலில் போட்டு, 'இதை இன்ன லேபில் கொடுத்துடுங்க' என்று வீட்டாரிடமே தந்துவிடுகிறார்கள். பாட்டிலில் இருப்பது வெறும் தண்ணீர் அல்ல, ஃபார்மலின். சதை அழுகாமல் காப்பது அதுதான். நாற்றம் அடிக்கிறது என்று அதைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றியவர்கள் இருக்கிறார்கள். இப்படிக் கெட்டுப்போன மாதிரியில் உலகத்தின் எந்த நிபுணராலும் ஒன்றும் சொல்ல முடியாது. பாட்டிலில் பெயர், வயது, தேதி எழுதிய லேபிள் இருக்கிறதா, சதை முழுக்க மூழ்கியிருக்கிறதா, டாக்டர் எழுதிய படிவம் கூடவே இருக்கிறதா என்று பாருங்கள். அன்றே கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் அட்டெண்டர் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

எத்தனை நாள் ஆகும்? சதை ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, மெல்லிய சீவலாக வெட்டப்பட்டு, சாயம் ஏறிய பிறகே பெத்தாலஜி டாக்டரின் மைக்ராஸ்கோப்புக்கு வருகிறது. தனியார் லேபில் சாதாரணமாக ஒரு வாரத்துக்குள் முடியும். கூட்டம் மிகுந்த அரசு மருத்துவக் கல்லூரியில் இரண்டு வாரம்கூட ஆகலாம். சந்தேகம் இருந்தால் ஐ.எச்.சி. என்ற கூடுதல் சோதனை செய்வார்கள், அதற்கு இன்னும் சில நாட்கள். தாமதம் என்றாலே கெட்ட செய்தி என்று முடிவுகட்ட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் சொன்ன தேதி தாண்டி மூன்றாம் நாள் நேரில் போய் நிற்க வேண்டும்.

காத்திருக்கும்போது பெண்கள் போனில் எதையாவது தேடிப் பார்த்துத் தங்களுக்குத் தாங்களே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார்கள். சில விஷயங்கள் தெரிந்திருந்தால் அந்த இரவுகள் கொஞ்சம் குறையும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பதில் பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. மேல்சோதனைக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி., பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் உடம்பு தானாகவே விரட்டிவிடும் வைரஸ். விரட்டாமல் தங்கினாலும் அது புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பதினைந்து, இருபது ஆண்டுகள் பிடிக்கிறது. பாப் ஸ்மியரில் 'ஹெச்.எஸ்.ஐ.எல்.' என்று வந்தால் அது புற்றுநோய்க்கு முந்தைய நிலை, அந்தக் கட்டத்திலேயே பிடித்துச் சரிசெய்யலாம். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டால் கட்டாயம் சோதிக்க வேண்டும், ஆனால் அப்படிச் சோதிக்கப்படும் பத்துப் பெண்களில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் புற்றுநோய் என்று தெரியவருகிறது.

சினைப்பைப் புற்றுநோய்ச் சந்தேகத்தில் எடுக்கும் சி.ஏ.125 ரத்தப் பரிசோதனை தனியாக ஒரு தலைவலி. 35 வரை இயல்பு என்று தாளில் அச்சிட்டிருக்கும். 60 என்று பார்த்ததும் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். மாதவிடாய் நாட்களில், கர்ப்பத்தில், ஃபைப்ராய்டு கட்டியில், எண்டோமெட்ரியோசிஸில் எல்லாம் இது ஏறும். வயிற்றுக் காசநோயில் நூற்றுக்கணக்கில் ஏறும். டாக்டர் கேட்காமல், 'முழு உடல் பரிசோதனை' தள்ளுபடியில் இதை எடுத்துக்கொண்டு வந்து பதறுகிறவர்களுக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

காத்திருக்கும் நாட்களில் சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். விரதம் இருக்கிறேன் என்று நிறுத்துகிறார்கள். பயாப்சிக்குப் பிறகு இரண்டொரு நாள் லேசாக ரத்தம் படுவது இயல்பு. மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, துர்நாற்றத்துடன் வெள்ளைப்போக்கு வந்தாலோ, ரிசல்ட் வரட்டும் என்று உட்காராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மனசு தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். வீட்டில் நம்பகமான ஒரே ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். ஊருக்கே சொன்னால், ஊரே ஆளுக்கொரு கதை கொண்டுவரும்.

இப்போது, நான் அதிகம் அஞ்சுகிற இடம். ரிசல்ட் வருவதற்குள்ளாகவே சிலர் கர்ப்பப்பையை எடுத்துவிடுகிறார்கள். 'புண் இருக்கு, பின்னாடி கேன்சர் ஆகிடும், எதுக்கு ரிஸ்க், எடுத்துடலாம்' என்று சொல்லும் நர்சிங் ஹோம்கள் இருக்கின்றன. பயத்தில் இருக்கும் குடும்பம் உடனே நகையை அடகு வைக்கிறது. கர்ப்பப்பை வாயில் தெரிகிற சிவப்புக்கெல்லாம் அறுவை சிகிச்சை தேவையில்லை. பயாப்சி எடுத்திருந்தால் அதன் ரிசல்ட்டைப் பார்க்காமல் அறுவைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். உயிரைப் பறிக்கும் ரத்தப்போக்கு போன்ற அவசரம் வேறு. தேவையில்லாமல் கர்ப்பப்பைகள் அகற்றப்படுவது குறித்த பொதுநல வழக்கில், ஒன்றிய அரசின் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது.

கையெழுத்து என்றதும் இன்னொரு வழக்கு. டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் லேப்ராஸ்கோபி சோதனைக்கு மட்டும் சம்மதித்து மயக்க நிலைக்குப் போனார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியில் இருந்த தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். சோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது, சுயநினைவு திரும்பக் காத்திருக்க முடிகிற நிலையில் தாயின் ஒப்புதல் செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே படிவத்தில் 'சோதனை' என்று இருக்கிறதா, 'சோதனையும் தேவைப்படும் அறுவையும்' என்று இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.

தேதி தாண்டிவிட்டது, கவுன்டரில் 'நாளைக்கு வா' என்கிறார்கள். வாய்ப்பேச்சை அதோடு நிறுத்திவிட்டு ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். அரசு மருத்துவமனை என்றால் ஆர்.எம்.ஓ. எனப்படும் உறைவிட மருத்துவ அலுவலருக்கு, இல்லையெனில் டீனுக்கோ கண்காணிப்பாளருக்கோ. தனியார் என்றால் மருத்துவமனை நிர்வாகத்துக்கும் சிகிச்சை தந்த மருத்துவருக்கும். இவ்வளவு போதும்:

'ஐயா/அம்மா, இன்ன தேதியில் தங்கள் மருத்துவமனையில் எனக்குக் கர்ப்பப்பை பயாப்சி எடுக்கப்பட்டது. ஓ.பி. எண் இது, லேப் எண் இது. முடிவு இன்றுவரை எனக்குத் தரப்படவில்லை. பரிசோதனை அறிக்கையின் நகலையும் என் சிகிச்சை ஆவணங்களின் நகலையும் 72 மணி நேரத்துக்குள் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மாதிரி கிடைக்கவில்லை அல்லது போதவில்லை எனில் அதை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கவும்.'

72 மணி நேரம் நானாகப் போட்ட கணக்கு அல்ல. 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளில் 1.3.2ஆம் விதி சொல்வது. நோயாளி கேட்டால் ஒப்புகை தந்து, அந்த நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். கடிதத்தை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் முத்திரை, தேதி, கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முத்திரை இல்லாத பிரதியைக் காட்டி நாளைக்கு எங்கேயும் பேச முடியாது.

அதற்கும் அசையவில்லை என்றால் அரசு மருத்துவமனை விஷயத்தில் 1100 என்ற முதல்வரின் உதவி எண், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். கெடு 30 நாள். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம் என்று சட்டம் சொல்கிறது, அதை விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள். தனியார் என்றால் மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநரிடம் புகார் கொடுங்கள், மருத்துவமனைகளின் பதிவு அவர் கையில்தான் இருக்கிறது. பணம் கட்டிய சோதனையில் குறைபாடு என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் வழி கேளுங்கள். எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை மீது நுகர்வோர் வழக்கு நிற்காது. இது தெரியாமல் வக்கீலுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கவரைத் திறந்து நீங்களே அர்த்தம் பண்ணாதீர்கள், மெடிக்கல் ஷாப் தம்பியிடமும் காட்டாதீர்கள். பெயரும் வயதும் லேப் எண்ணும் உங்களுடையதுதானா என்று மட்டும் சரிபாருங்கள். 'மாதிரி போதவில்லை' என்று இருந்தால் அது 'நார்மல்' அல்ல. சோதனை நடக்கவே இல்லை என்று எடுத்துக்கொண்டு, எப்போது மறுபடி எடுப்பது என்று கேளுங்கள். புற்றுநோய் என்று வந்தால் ரிப்போர்ட்டோடு, சதை பதிந்த மெழுகுக் கட்டியான பாரஃபின் பிளாக்கையும் ஸ்லைடுகளையும் லேபில் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் முதலில் கேட்பது அவற்றைத்தான். இல்லையென்றால் திரும்பச் சதை எடுப்பார்கள், திரும்பக் காத்திருக்க வேண்டும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் அந்த வாரமே கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையுடன் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். சந்தேகத்துக்கு 1800 425 3993. புற்றுநோய்ப் பிரிவு ஓ.பி. எல்லா நாளும் இருக்காது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு டோக்கன் என்று ரிப்போர்ட் வாங்கும் அன்றே கேட்டு, அதே சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.