ஓடும் நீரில் வளரும் கருப்பு ஈ

மழைக்காலம் வந்தால் கொல்கத்தா மாநகராட்சி ஊழியர்கள் வீடு வீடாக ஏறி, பூந்தொட்டித் தட்டிலும் மொட்டைமாடி டயரிலும் தேங்கிய நீரைக் கொட்டச் செய்கிறார்கள். டெங்குக் கொசுவுக்கு அதுவே மருந்து. அதே நகரத்திலிருந்து பூஜை விடுமுறைக்கு டார்ஜிலிங், காலிம்போங் போகிறவர்களில் சிலர் ஓடைக்கரையில் சற்று உட்கார்ந்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே ரத்தப் பொட்டும் அடங்காத அரிப்புமாகத் திரும்புவதுண்டு. கடித்தது, மலைமக்கள் 'பிப்ஸா' என்று அழைக்கும் கருப்பு ஈ. தேங்கிய நீரில் அது வளராது.

சில மில்லிமீட்டர் நீளமே உள்ள, முதுகு கூனிய பூச்சி இது. முட்டைகளை நீரோட்டத்திலோ, நீரை உரசிக் கிடக்கும் இலை, கல், கிளை மீதோ இடுகிறது. வெளிவரும் புழு தன் வாயிலிருந்து சுரக்கும் பட்டிழையைக் கல்லில் திட்டாக ஒட்டி, உடலின் பின்முனைக் கொக்கிகளால் அதைப் பற்றிக்கொள்கிறது. தலையில் இருக்கும் விசிறி போன்ற உறுப்புகளை விரித்து, நீர் அடித்துவரும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்கிறது. உணவும் உயிர்வளியும் ஓட்டத்தோடு வர வேண்டும் என்பதால் நீர் நின்றால் அதற்குப் பிழைப்பில்லை. கூட்டுப்புழுவும் நீருக்கடியில்தான் இருக்கும். முதிர்ந்த ஈ ஒரு காற்றுக் குமிழியில் ஏறி மேலே வந்து பறந்துவிடும்.

டார்ஜிலிங் பக்கத்தில் 'ஜோரா' எனப்படும் மலையோடைகளும், பாறைமேல் நீர் சலசலத்து ஓடும் ஆற்றுப் பகுதிகளும் இதற்கு வாகான இடங்கள். மனிதன் கட்டியவையும் உண்டு: அணைகளின் கலிங்கு, நீர் வழியும் சிமெண்டுச் சரிவு, வேகமாக ஓடும் வாய்க்கால். சேறு சுமந்து ஏறியிறங்கும் ஹூக்ளியின் சமவெளியில் அப்படிப்பட்ட இடம் அரிது. தமிழ்நாட்டு மலைகளுக்கும் இந்த ஈ புதிதல்ல. பூச்சியியலாளர் ஐ. எம். பூரி விவரித்த இனங்களில் இரண்டு, நீலகிரி, பழனி மலைகளின் பெயரையே தாங்கியிருக்கின்றன.

ஆப்பிரிக்காவில் இந்த ஈயின் சில இனங்கள் ஆங்கோசெர்சியாசிஸ் என்னும் நோயைப் பரப்புகின்றன. கடிக்கும்போது உடலுக்குள் போகும் ஒட்டுண்ணிப் புழு முதிர்ந்து பல ஆண்டுகள் வாழ்ந்து, லட்சக்கணக்கில் குஞ்சுகளை ஈனுகிறது. அவை தோலையும் கண்ணையும் சிதைக்கின்றன. ஆற்றோர ஊர்களில் பார்வை பறிபோனதால்தான் 'ஆற்றுக் குருடு' என்ற பெயரே வந்தது. வளமான ஆற்றுப் பள்ளத்தாக்குகளை விட்டு மக்கள் வெளியேறிய காலமும் இருந்தது. 1974 முதல் 2002 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் ஹெலிகாப்டர்கள் ஆறுகளின் மேல் பறந்து ஈயின் புழுக்களைக் கொல்லும் மருந்து தெளித்தன. 1987இல் இந்நோய்க்கான ஐவர்மெக்டின் மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. 2025 ஜனவரியில் நைஜர், இந்நோயை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்த முதல் ஆப்பிரிக்க நாடானது.

நோய் பரவும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. ஆகவே கடிபட்ட சுற்றுலாப் பயணி கண் போய்விடுமோ என்று கலங்க வேண்டாம். ஆனாலும் ஈயைக் கண்காணித்தே ஆக வேண்டும். கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு 1916 முதல் இயங்கும் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகள், டார்ஜிலிங், காலிம்போங் பகுதிகளில் பிப்ஸாக்களைச் சேகரித்து மரபணுக் குறியீட்டால் இனம் பிரித்திருக்கிறார்கள். கண்ணால் பார்த்தால் ஒன்றுபோலவே தோன்றும் பூச்சிகளுக்கு இப்படிப்பட்ட பணி இன்றியமையாதது; எது எங்கே வளர்கிறது என்று தெரியாமல் எதையும் கட்டுப்படுத்த முடியாது.

பகலில், வெட்டவெளியில் கடிக்கும் ஈ இது, கொசுவலையால் பயனில்லை. வெளிர்நிற முழுக்கைச் சட்டை, சாக்ஸுக்குள் செருகிய பேண்ட், திறந்திருக்கும் தோலில் டீட் கலந்த பூச்சிவிரட்டி ஆகியவை உதவும். ஈயின் எச்சில் தோலை மரத்துப்போகச் செய்வதால் கடித்தது பெரும்பாலும் பிறகுதான் தெரியும். சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுத்து, சொறியாமல் இருந்தால் புண் சீழ்பிடிக்காது. முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாள் முழுதும் வெளியில் கொழுந்து பறிக்கும் தேயிலைத் தொழிலாளர்கள்தான் அதிகம் கடிபடக்கூடியவர்கள். அவர்களுக்கு மருத்துவ வசதி தருவது சட்டமே தோட்ட நிர்வாகத்தின்மேல் சுமத்தியிருக்கும் கடமை. அது சலுகையாகக் கேட்டு வாங்க வேண்டியதல்ல.

பெரிய ஆபத்து ஒன்று மனிதர் கையிலேயே இருக்கிறது. ஈத்தொல்லை தாளாமல் யாரோ ஒருவர் ஜோராவில் பூச்சிமருந்தைக் கொட்டினால், மீன் சாகும். கீழே இருக்கும் ஊரின் குடிநீரும் கெடும். ஆப்பிரிக்காவில் தெளித்தவர்கள் அளவை நிர்ணயித்து, ஆற்றின் மீன்களையும் மற்ற உயிர்களையும் தொடர்ந்து சோதித்தே தெளித்தார்கள். இங்கே நச்சுப்பொருளை ஓடையில் சேர்ப்பதை 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு தடைசெய்கிறது. அப்படி நடந்தால் மேற்கு வங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் புகார் தரலாம். இடம், தேதி, படம் இருந்தால் புகார் வலுக்கும். அங்கே அசைவில்லை என்றால் கொல்கத்தாவிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கிழக்கு மண்டல அமர்வை நாடலாம். பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் மனு போக வேண்டும், இழப்பீடு கேட்பதாக இருந்தால் ஐந்தாண்டு வரை அவகாசம் உண்டு. ஊர் ஓடையின் நீர் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, முடிவு என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால் அதிகாரிகள் 30 நாளில் பதில் தர வேண்டும்.